கறுப்பெல்லாம் கறுப்பல்ல: தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் ஒரு புறக்கோளை அகச்சிவப்பில் அளந்த பதிவு

மே மாதம் எடுத்த படங்களின் கணக்கு இப்போதுதான் முடிந்தது. எச்.டி. 189733 என்ற விண்மீனின் குறுக்கே அதன் கோள் கடந்தபோது, எங்கள் மாடியில் பதிவான அகச்சிவப்பு ஒளி 2.5 சதவீதம் குறைந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் கோளின் ஆரம் ஏறக்குறைய 82,000 கிலோமீட்டர் வருகிறது. வியாழனின் ஆரத்தைப்போல் 1.15 மடங்கு, பிழை எல்லை இரு பக்கமும் 0.03. ஆய்வாளர்கள் தரும் மதிப்பு 1.14-ஐ ஒட்டியது. 64 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளின் பருமனை 6 அங்குல ஆடியால் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிந்ததில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் வேலையில் பெரும்பகுதி தொலைநோக்கிக் குழாயின் உட்புறத்தைக் கறுப்பாக்குவதில்தான் போனது. ஆகவே இந்தப் பதிவும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

முதலில், ஏன் அகச்சிவப்பு? கோள் மறைக்கும் ஒளியின் பங்கு, கோளின் பரப்புக்கும் விண்மீனின் பரப்புக்கும் உள்ள விகிதம். அதன் வர்க்கமூலம் ஆர விகிதம். விண்மீனின் வட்டம் முழுவதும் ஒரே பிரகாசமாக இருந்தால் கணக்கு அதோடு தீர்ந்தது. ஆனால் வட்டத்தின் நடுப்பகுதி பளிச்சென்றும் விளிம்பு மங்கலாகவும் இருக்கும். நீலத்திலும் பச்சையிலும் இந்த விளிம்பு மங்கல் அதிகம். அலைநீளம் கூடக் கூட அது குறைகிறது. அதனால் நீல ஒளியில் எடுத்த ஒளிவளைவின் (நேரத்தோடு ஒளி இறங்கி ஏறுவதைக் காட்டும் கோட்டின்) அடி உருண்டு குழிந்திருக்கும். அகச்சிவப்பில் அடி தட்டையாக நிற்கும். அடி எவ்வளவு தட்டையோ, அளவுக்குள் நுழையும் ஊகம் அவ்வளவு குறைவு.

இந்த விண்மீனைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள். இதன் ஒளித்தரம் 7.7 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்), எனவே நகர வானத்திலும் சிறிய ஆடிக்கு அகப்படும். விண்மீன் சூரியனைவிடச் சிறியது, கோளோ வியாழனைவிடப் பெரியது. அதனால் பள்ளம் ஆழமாக விழுகிறது. மூன்றாவது, கண்டுபிடிப்பது எளிது. எம் 27 எனப்படும் டம்பெல் நெபுலாவுக்குக் கிழக்கே கால் பாகை தள்ளினால் அங்கே இருக்கிறது. கோளை 2005-இல் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் கண்டறிந்தார்கள். அது 2 நாள் 5 மணி 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றுகிறது. கடப்பு முழுவதும் 1 மணி 50 நிமிடம். அதில் அடித்தட்டு மட்டும் சுமார் ஒரு மணி நேரம்.

கருவிகள் எல்லாம் பழையவை. 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தூரமும் உள்ள பிரதிபலிப்புத் தொலைநோக்கி, அதைத் தாங்கி விண்மீனோடு திருப்பும் மோட்டார் வைத்த மவுண்ட், ஐஎம்எக்ஸ்290 சென்சார் கொண்ட கறுப்பு-வெள்ளைக் கேமரா. இந்த சென்சாருக்கு அகச்சிவப்பில் நல்ல உணர்திறன் உண்டு. ஆனாலும் சிலிக்கன் சிலிக்கன்தான். 1000 நானோமீட்டரைத் தாண்டினால் அதற்குக் கண் தெரியாது. ஆகவே நான் அளந்தது கிட்ட அகச்சிவப்பு மட்டுமே. கேமரா வாங்குபவர்கள் அதன் முன்கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்காத வகைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தடுக்கும் வகையாக இருந்தால் மேற்கொண்டு எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை.

எங்கள் வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவிளக்குகள் எல்இடி ஆன பிறகு வெறுங்கண்ணுக்கு வானம் இன்னும் வெளுத்துவிட்டது. ஆனால் வெள்ளை எல்இடி 750 நானோமீட்டருக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே உமிழ்வதில்லை. அகச்சிவப்பு ஃபில்டரைப் போட்டதும் அந்த வெளுப்பு மறைந்துவிடுகிறது. தென்கிழக்கில் துறைமுகப் பக்கம் இன்னும் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்குகள் அப்படியல்ல. அவற்றுக்கு 819 நானோமீட்டரில் பலமான கோடு உண்டு. நல்லவேளையாக நம் விண்மீன் வடகிழக்கில், கடல் இருக்கும் பக்கத்திலிருந்து எழுகிறது.

இவ்வளவும் கணக்குப் பார்த்துத்தான் ஏப்ரலில் முதல் இரவு கேமராவை மாட்டினேன். படத்தின் பின்னணி கறுப்பாக இருக்கவில்லை, சாம்பல் பூத்திருந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. குழாயைச் சற்றுத் திருப்பினால் அந்தச் சாம்பலும் இடம் மாறியது. வானத்து ஒளி அப்படி இடம் மாறாது. குழாயின் வாய் வழியே ஏதோ ஒளி உள்ளே நுழைந்து சுவரில் பட்டுத் தெறிக்கிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. கண்ணால் பார்த்தால் மாடி இருட்டாகத்தான் இருந்தது.

அந்த ஒளி எதிர்வீட்டுக் கண்காணிப்புக் கேமராவிலிருந்து வந்தது. இரவில் பார்ப்பதற்காக அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அகச்சிவப்பு எல்இடிகள் இருக்கும். பெரும்பாலும் 850 நானோமீட்டர். உற்றுப் பார்த்தால் மங்கிய செம்புள்ளிகளாகத் தெரியும், அவ்வளவுதான். என் கேமராவுக்கோ அது தெருவையே வெளிச்சமாக்கும் விளக்கு. தெருவுக்கே தெரியாத வெளிச்சத்தில் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரும் துணிக்கொடியும் தண்ணீர்த் தொட்டியும் படத்தில் துல்லியமாக விழுந்தன.

உடனே கையில் இருந்த கறுப்புப் பருத்தித் துணியை எடுத்துக் குழாயின் உட்புறம் முழுக்க ஒட்டினேன். பின்னணி குறையவில்லை, கூடியது. துணியை அகச்சிவப்பு ஃபில்டர் வழியே தனியாகப் படம் எடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. படத்தில் துணி வெள்ளைத் துணி போலவே இருந்தது. துணிக்குப் போடும் கறுப்புச் சாயங்களில் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும்தான் விழுங்குகின்றன. அதற்கு அப்பால் உள்ளதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

அதன் பிறகு கறுப்பு என்று பெயர் உள்ள எதையும் சோதிக்காமல் குழாய்க்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சோதனை ஏற்பாடு எளியது. ரிச்சி தெருவில் பழுதான கண்காணிப்புக் கேமரா ஒன்றை 100 ரூபாய்க்கு வாங்கி, அதிலிருந்து 850 நானோமீட்டர் எல்இடி ஒன்றைப் பிரித்தெடுத்தேன். 5 வோல்ட் சார்ஜரும் 100 ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தால் விளக்கு தயார். டிவி ரிமோட்டிலும் அகச்சிவப்பு எல்இடிதான் இருக்கிறது. ஆனால் அது துடித்துத் துடித்து எரிவதால் அளப்பதற்கு ஒத்துவராது. இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் உதவும். ஒரு பிளைவுட் பலகையில் துண்டு துண்டாகப் பொருள்களை ஒட்டி, நடுவில் அச்சுக்கு எடுக்கும் வெள்ளைத் தாள் ஒன்றையும் ஒட்டி, இருட்டறையில் ஒரே எக்ஸ்போஷரில் படம் எடுத்தேன். வெள்ளைத் தாளின் எண்ணை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டேன்.

கறுப்புப் பருத்தித் துணி 70-ஐத் தாண்டியது. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கறுப்பு சார்ட் தாள் 40-க்குப் பக்கம். எனக்குப் பெரிய அதிர்ச்சி, குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகசரின் உட்குழாய்தான். தொழிற்சாலையிலேயே கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியம், கண்ணுக்கு மையிருட்டு. அதுவும் 30-க்கு மேல் காட்டியது. அந்தப் பூச்சும் சாயம்தானே! இரும்பு கேட்டுக்கு அடிக்கும் பளபளப்பான கறுப்பு பெயின்ட் நேர் எதிரில் 8 காட்டினாலும், சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியாகப் பளிச்சிட்டது. பள்ளிக் கரும்பலகைக்கு அடிக்கும் மேட் பெயின்ட் 6. இவை எல்லாம் என் பலகையில், என் விளக்கில் வந்த எண்கள். நீங்கள் வாங்கும் துணியும் பெயின்டும் வேறு எண் தரும், அளந்து பாருங்கள்.

வித்தியாசம் கரியில்தான் இருக்கிறது. கரி எந்த அலைநீளத்தையும் விழுங்கும். முதலில் ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, கண்மைக்கு எடுப்பதுபோலக் கரி எடுத்துப் பார்த்தேன். பலகையில் 3-க்கும் கீழே போனது. அவ்வளவு கறுப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் குழாய் முழுவதற்கும் அப்படிக் கரி சேர்ப்பது நடக்கிற காரியமல்ல. நைனியப்ப நாயக்கன் தெருவில் கார்பன் பிளாக் பொடி 100 கிராம் வாங்கினேன். 200 மில்லி கரும்பலகை பெயின்டில் 15 கிராம் பொடியைக் கலந்து, தச்சுப்பட்டறையிலிருந்து கொண்டுவந்து சலித்த நைஸ் மரத்தூளை இரண்டு கைப்பிடி சேர்த்தேன். மரத்தூள் எதற்கென்றால், பரப்பு சொரசொரப்பானால் சாய்ந்து வரும் ஒளி வழுக்கிப் போகாது. பொடியைக் கலக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் எழுந்தால் வீடு முழுக்கப் பரவும்.

ஆடிகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, குழாயின் உட்புறம் இரண்டு பூச்சு, ஃபோகசரின் உட்குழாய்க்கு மரத்தூள் இல்லாமல் ஒரு மெல்லிய பூச்சு, துணை ஆடியின் விளிம்புக்கு ஒரு கோடு. பூசியது நன்றாகக் காய வேண்டும். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்த இடத்தில் மரத்தூள் உதிர்ந்தது. அது ஆடிமேல் விழுந்தால் துடைக்கவும் முடியாது, ஊதவும் முடியாது. உதிர்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். குழாயின் வாயில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அட்டையில் ஒரு தொப்பியும் செய்து, அதற்குள்ளும் அதே பூச்சைப் பூசினேன்.

எதிர்வீட்டு அக்காவிடமும் பேசினேன். "கேமராவை அணைக்க மட்டும் சொல்லாதே தம்பி, போன மாதம்தான் இந்தத் தெருவில் ஒரு பைக் திருடு போனது" என்றார். அணைக்க வேண்டியதில்லை, வெளிச்சம் மேலே வராமல் இருந்தால் போதும் என்று சொல்லி, ஒரு தகரத் துண்டைக் கூரைபோல் வளைத்து மாட்டிக் கொடுத்தேன். செலவு 40 ரூபாய். அவர்களுக்கும் படத்தில் தெரு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மேலே சிதறிய ஒளி லென்ஸில் பட்டு அவர்கள் படத்தையும் வெளுக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கறுப்பும் கூரையும் சேர்ந்து பின்னணியை முன்பு இருந்ததில் ஏழில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தன. குழாயைத் திருப்பினாலும் சாம்பல் இப்போது இடம் மாறுவதில்லை. அதுவே எனக்கு எண்ணைவிடப் பெரிய அத்தாட்சி.

அடுத்தது ஃபிளாட் படங்கள். சென்சாரின் தூசியையும் ஓர மங்கலையும் திருத்த, சீரான ஒளியைப் பார்த்து எடுக்கும் படங்கள் இவை. வழக்கமாக எல்இடி பலகையை வைத்து எடுப்பேன். அகச்சிவப்பு ஃபில்டரோடு எடுத்தபோது படம் காலி. வெள்ளை எல்இடி அகச்சிவப்பை உமிழ்வதில்லை என்று மேலே சொன்ன அதே காரணம்தான், இந்த முறை எனக்கு எதிராக. குண்டு பல்புதான் வேண்டும். அதன் ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பு. இப்போது குண்டு பல்பு தேடுவதே ஒரு வேலை. மின்ட் தெருவில் ஒரு பழைய மின்சாமான் கடையில் 40 வாட் பல்பு கிடைத்தது. சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் பல்பின் ஒளியை விழச்செய்து, குழாயின் வாயில் டிரேசிங் தாள் கட்டி எடுத்தேன்.

ஃபில்டர் விஷயத்திலும் ஒரு சுற்று சுற்றினேன். நண்பரிடம் 850 நானோமீட்டருக்கு மேல் விடும் ஃபில்டர் இருந்தது. அலைநீளம் கூடினால் விளிம்பு மங்கல் குறையுமே என்று அதைத்தான் முதலில் போட்டேன். அங்கே இரண்டு இழப்புகள். சென்சாரின் உணர்திறன் அந்தப் பகுதியில் சரிந்துகொண்டே போகிறது. அதைவிட மோசம், 940 நானோமீட்டரை ஒட்டி நீராவி ஒளியை உறிஞ்சும் பட்டை ஒன்று அந்தச் சாளரத்தின் நடுவிலேயே விழுகிறது. கடற்காற்று ஏறி இறங்கும் சென்னை இரவில் நீராவி ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒப்பீட்டு விண்மீன்களும் (ஒத்துப் பார்க்க அதே படத்தில் அளக்கும் பக்கத்து விண்மீன்கள்) கூடவே மங்குவதால் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் அவற்றின் நிறம் நம் விண்மீனின் நிறத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு மெல்லிய சரிவு மிஞ்சும். அந்த ஃபில்டரில் எடுத்த இரவு, கடப்பின் பின்பாதியில் மேகம் வந்து கெட்டும் போனது. பிறகு 742 நானோமீட்டருக்கு மேல் விடும் ஃபில்டரைச் சொந்தமாக வாங்கினேன். இதிலும் நீராவிப் பட்டை உண்டு. ஆனால் மொத்த ஒளி பல மடங்கு கூடுவதால் அதன் பங்கு சிறியது.

நேரம் பார்க்க, செக் வானியல் சங்கத்தின் கடப்புத் தரவுத்தளம் போதும். மே முதல் வாரத்தில் ஒரு கடப்பு எங்களுக்கு நள்ளிரவு தாண்டி 2 மணிக்குத் தொடங்கி 3.50-க்கு முடிவதாக வந்தது. 2 மணிக்கு விண்மீன் 45 பாகை உயரத்தில் இருக்கும், முடியும்போது 70 பாகை. முன்னும் பின்னும் மறைப்பில்லாத நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதுதான் அளவுக்கு அடிப்படை. 1 மணிக்கே தொடங்கினேன். அப்போது விண்மீன் 30 பாகை உயரம்தான். பின்பக்கம் விடியலின் வெளிச்சம் வரும்வரை 40 நிமிடம் கிடைத்தது.

மவுண்டின் கால்களை மாடியில் தூண் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வைத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் போகும்; தளத்தின் நடுவில் வைத்தால் அந்த அதிர்வு படத்தில் தெரியும். மின்சாரத்தை நம்பாமல் 12 வோல்ட் பேட்டரி. கேமராவின் முதுகில் பழைய கணினி விசிறி ஒன்று. அந்த இரவு வெளி வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. குளிரூட்டி இல்லாத சென்சார் அந்த வெப்பத்தில் தானாகவே புள்ளி புள்ளியாக மினுங்கும். அதனால் மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களைத் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எடுத்தேன்.

குவியத்தை வேண்டுமென்றே கலைக்க வேண்டும். ஃபோகசரை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் விண்மீன் 34 பிக்சல் விட்டமுள்ள வளையமாகிறது. ஒளி நூற்றுக்கணக்கான பிக்சல்களில் பரவுவதால் எந்த ஒரு பிக்சலின் குறையும் கணக்கைப் புரட்டாது. லாரி அதிர்வும் பெரிதாகப் பாதிக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. இந்த விண்மீனுக்கு 11 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தள்ளி ஒரு மங்கலான செங்குறுமீன், அதாவது சிறிய சிவப்பு விண்மீன், துணையாக இருக்கிறது. அகச்சிவப்பில் அது கொஞ்சம் தலைதூக்கும். என் கேமராவில் 11 விகலை என்பது 14 பிக்சல். அது சில படங்களில் உள்ளேயும் சில படங்களில் வெளியேயும் இருந்தால் தொல்லை. 24 பிக்சல் ஆரத்தில் அளவு வட்டம் வைத்து, துணையின் பெரும்பகுதி எப்போதும் உள்ளேயே இருக்கும்படி செய்தேன்.

பத்து விநாடி எக்ஸ்போஷர், இடைவிடாமல். 2.20 வாக்கில் திரையில் எண்கள் இறங்குவது தெரிந்தது. தனித்தனிப் படத்தில் தெரியாது. விண்மீனின் மினுமினுப்பே ஒரு சதவீதத்தை ஒட்டி ஆடும். ஐந்து நிமிடச் சராசரியைக் கையால் தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். 1.000, 0.999, 0.994, 0.986, 0.977, 0.975. அதற்குப் பிறகு எண் அங்கேயே நின்றது. அந்த நிற்றலைத்தான் இத்தனை நாள் தேடினேன்.

கணக்குக்கு ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள். டார்க், ஃபிளாட் திருத்தம், ஒப்பீட்டு விண்மீன்களின் கூட்டொளியால் வகுத்தல், மறைப்பில்லாத இரு பக்கங்களுக்கும் ஒரு நேர்கோடு பொருத்திச் சரிவை நீக்குதல். முடிவு: பள்ளத்தின் ஆழம் 2.50 சதவீதம், பிழை 0.14.

ஒளித்தரக் கணக்கில் இது 0.027. அந்த அளவுகோலை இன்றைய வடிவில் வரையறுத்த நார்மன் போக்சன், 1861-இல் சென்னைக்கு வந்து நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1891-இல் இறக்கும்வரை வேலை செய்தார். அவருக்கு முன்பு அதே இடத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் தெரிந்த பிசகை வைத்து, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். அந்தக் கோள் நிலைக்கவில்லை. ஆனாலும் வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்ற கணக்கு இந்த ஊரிலிருந்து அவ்வளவு முன்பே போயிருக்கிறது என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

2.50 சதவீதத்துக்கு நேராக வர்க்கமூலம் எடுத்தால் ஆர விகிதம் 0.158. ஆனால் 742-க்கு மேலும் விளிம்பு மங்கல் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. இந்தக் கோள் விண்மீனின் நடுவே போவதில்லை. மையத்திலிருந்து ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் போகிறது. அந்த இடத்தின் பிரகாசம் என் ஃபில்டரில் வட்டத்தின் சராசரியைவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம். அதைக் கழித்தால் விகிதம் 0.155. விண்மீனின் ஆரம் சூரியனின் ஆரத்தில் 0.76 பங்கு, அதாவது 5,29,000 கிலோமீட்டர். பெருக்கினால் 82,000. விண்மீனின் ஆரம் நான் அளந்ததல்ல, மற்றவர்கள் அளந்தது. அதில் உள்ள பிழை அப்படியே என் கோளுக்கும் வரும்.

பச்சை ஃபில்டரில் ஒப்பிட்டுப் பார்க்காமல் மனம் ஆறவில்லை. கோளின் ஒன்பது சுற்று 20 நாளுக்கு 47 நிமிடம் குறைவு. ஆகவே மே கடைசியில் அதே இரவு நேரத்தில் இன்னொரு கடப்பு வாய்த்தது. கத்திரி வெயிலின் புழுக்கத்தில் வானம் பால்போல் இருந்தது. ஆழம் 2.66 சதவீதம், பிழை 0.2. திருத்தம் செய்யாமல் ஆரம் கணக்கிட்டால் வியாழனைப்போல் 1.21 மடங்கு வந்துவிடுகிறது. பச்சைக்கு உரிய 8 சதவீதத் திருத்தம் செய்தால் 1.16-க்கு இறங்குகிறது. இரண்டு இரவுகளின் வித்தியாசம் பிழை எல்லைக்குள்தான் இருக்கிறது. இதை வைத்து விளிம்பு மங்கலை நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பச்சையில் திருத்தம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது, அகச்சிவப்பில் எவ்வளவு சிறியது என்பதைக் கைப்பட உணர்ந்தேன். இன்னொன்று: இது கரும்புள்ளிகள் அதிகம் உள்ள விண்மீன். புள்ளிகளின் தொல்லையும் அகச்சிவப்பில் குறைவு.

இதே வழியில் கடைசிவரை போனவர்கள் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிக்காரர்கள். 2003 ஆகஸ்டில் ஏவப்பட்ட, 85 சென்டிமீட்டர் ஆடி மட்டுமே உள்ள கருவி அது. 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றது. எச்.டி. 209458 என்ற விண்மீனின் கோளை 24 மைக்ரோமீட்டரில் அளந்து, அதன் ஆரம் வியாழனைப்போல் 1.26 மடங்கு, பிழை 0.08 என்று 2006-இல் வெளியிட்டார்கள். அந்த அலைநீளத்தில் விளிம்பு மங்கல் ஏறக்குறைய இல்லை. திருத்தம் என்ற பேச்சே தேவைப்படாத தட்டையான அடி. ஆனால் அங்கே விண்மீன் தரும் ஒளி மிகக் குறைவு, விண்வெளித் தூசியின் வெப்ப ஒளி மிக அதிகம். அந்தப் பின்னணியை அவர்கள் எப்படிப் படத்துக்குப் படம் கழித்தார்கள் என்பதை, கரி பூசிய கையோடு படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

செலவு: பழைய தொலைநோக்கியும் மவுண்டும் சேர்த்து 22,000, பழைய கேமரா 15,000, 742 ஃபில்டர் 4,500. மற்றதெல்லாம் சில்லறை: கரும்பலகை பெயின்ட் 190, கார்பன் பொடி 120, பல்பு 30, தகரம் 40, பழுதான கேமரா 100. அளவைக் காப்பாற்றியது என்னவோ இந்தச் சில்லறைதான். எண்ணூற்றைம்பது ஃபில்டர் வாங்க நினைப்பவர்கள், கோடையில் நம் கடற்கரை ஊர்களில் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். ஒப்பீட்டு விண்மீன்களை ஒளியை வைத்து மட்டுமல்லாமல் நிறத்தை வைத்தும் முன்கூட்டியே தேர்ந்தெடுப்பேன். இந்த முறை எடுத்தவற்றில் ஒன்று நம் விண்மீனைவிட நீலம், அதை நீக்கியதும் சரிவு பாதியானது. கேமராவின் முதுகில் விசிறிக்குப் பதில், மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடு. ஆடியின் அலுமினியப் பூச்சைக் கடல் உப்புக் காற்று அரிக்கத் தொடங்கியிருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் கழுவிப் பார்த்துவிட்டு, தேறாவிட்டால் மழைக்காலத்தில் மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும்.

பிப்ரவரியில் டபிள்யூஏஎஸ்பி-43 பி. 19 மணி 31 நிமிடத்தில் தன் விண்மீனைச் சுற்றிவிடும் கோள், பள்ளம் இதே 2.5 சதவீதம்தான். விண்மீன் இன்னும் சிவப்பு, எனவே அகச்சிவப்பு ஃபில்டருக்கு ஏற்றது. ஆனால் ஒளித்தரம் 12.4, என் 6 அங்குலத்துக்கு அது எட்டாது. 8 அங்குல ஆடி ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். குழாய் இன்னும் செய்யவில்லை. பெயின்டும் கரியும் மட்டும் கலந்து டப்பாவில் மூடி வைத்தாயிற்று.